அடுத்தவர் கை வைத்த முடிச்சு

ஊரடங்கு போட்டதிலிருந்து தீர்த்தகிரி அண்ணன் கடைக்கு வரும் விதமே மாறிப்போனது. முன்பெல்லாம் மாதத் தொடக்கத்தில் வந்து சாமான்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிற மனிதர். இப்போது காலையில் வந்து ஒரு தீப்பெட்டி. வெயில் ஏறியதும் ஒரு எலுமிச்சம்பழம். நான் கடையைச் சாத்தப் போகும் நேரம் பார்த்து மறுபடியும் ஒரு தீப்பெட்டி.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருமுனையில் இருக்கும் மளிகைக்கடை என்னுடையது. மதியத்துக்கு மேல் திறந்திருந்தால் போலீஸ்காரர்கள் வந்து லத்தியால் ஷட்டரைத் தட்டுவார்கள். கூட்டம் சேரக் கூடாது என்பதற்காக வாசலில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டு வைத்திருந்தேன். தெருவில் ஆளே இல்லாவிட்டாலும் அண்ணன் ஒரு வட்டத்துக்குள் போய் ஒழுங்காக நின்றுகொள்வார். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

“ஏண்ணா, ஒரே தடவையா வாங்கிட்டுப் போவ மாட்டீங்களா? தீப்பெட்டிய என்னா, தின்றீங்களா?”

“மறந்து போவுதுக்கா.”

என்னைவிட மூத்தவர்தான். ஆனாலும் எங்கள் பக்கம் கடையில் உட்கார்ந்திருக்கிற பெண் எல்லோருக்கும் அக்கா. நான் தீப்பெட்டியை எடுத்துக் கொடுப்பேன். அவர் வாங்கிக்கொண்டு உடனே போக மாட்டார். பருப்பு லோடு வந்ததா, பேரிகைப் பக்கம் தக்காளியைப் பறிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்களாமே என்று ஏதாவது கேட்டுக்கொண்டு நிற்பார். நாள் முழுக்க டிவி முன்னால் கிடக்கிற என் வீட்டுக்காரர் கோவிந்தன்தான் ஒரு நாள் உள்ளேயிருந்து சொன்னார்: “அந்தாளு பேசறதுக்கு வராரு. உனக்கு இது கூடவா புரியல?” எனக்குச் சுருக்கென்றது. இந்த மனிதருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று கோபமும் வந்தது.

அண்ணனுக்குச் சொந்த ஊர் சாமல்பட்டி. மனைவி இறந்து சில வருஷங்கள் ஆயின. ஒரே மகள் ஜெயப்ரியாவை அந்த ஊரிலேயே கட்டிக் கொடுத்திருந்தார். இங்கே எங்கள் தெருவின் கடைசியில், லைன் வீட்டில் ஒற்றை அறை. “வந்துடுப்பா” என்று மகள் போனில் அழுதாள். பஸ் இல்லை. எப்படியோ போய்ச் சேர்ந்தாலும், வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் பள்ளிக்கூடத்தில் தனியாகத் தங்கவைக்கிறார்கள் என்றார்கள். “இங்க தனியா கெடக்கறது பத்தாதுன்னு அங்க போயி வேற தனியா கெடக்கணுமா?” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்தாரே தவிர, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்குத் தொழில் கண்ணாடி துடைப்பது. கம்பெனி வேலை இல்லை, காண்டிராக்டர் யாரும் இல்லை, சொந்தத் தொழில். அவரும், கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளியில் இருக்கும் முனீர் அகமதுவும் கூட்டு. ஓசூரில் கார் ஷோரூம், கல்யாண மண்டபம், நகைக்கடை, அடுக்குமாடி வீடுகள் என்று எங்கே உயரத்தில் கண்ணாடி இருந்தாலும் இவர்களைக் கூப்பிடுவார்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டித் தூணில் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் உட்காருகிற பலகையோடு ஒருவர் இறங்குவார். இடுப்பில் வாளி, கையில் வைப்பர். மற்றவர் மேலேயே நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்வார்.

இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் முடிச்சுப் போட்டாலும் சரி, தன் முடிச்சைத் தானே நம்பி யாரும் இறங்கக் கூடாது. மற்றவர் அதில் கை வைத்து, இழுத்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்துப் பார்த்து, ‘இறங்கு’ என்று வாயால் சொல்ல வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. ஏன் என்று கேட்கவும் கூடாது. ஒரு முறை நல்ல வெயில் நாளில், காற்றே இல்லாத காலையில், முனீர் ‘வேண்டாம்’ என்றாராம். அண்ணன் மறுபேச்சில்லாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு மழையும் வரவில்லை, இடியும் விழவில்லை. “அப்புறமாச்சும் ஏன்னு கேக்கலியா?” என்றேன். “கேக்கக் கூடாதுக்கா. கேட்டா அடுத்த தடவ வேணாம்னு சொல்ல அவனுக்கு வாய் வராது” என்றார். என்ன மனிதர்களோ, நானாக இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன்.

இப்போது முனீர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். அத்திப்பள்ளிக்கும் எங்களுக்கும் நடுவில் அப்படி ஒன்றும் தூரமில்லை. சாதாரண நாளில் வண்டியை எடுத்தால் ஒரு டீ ஆறுவதற்குள் வந்துவிடலாம். ஆனால் ஜூஜூவாடியில் தடுப்புப் போட்டு எல்லையை மூடிவிட்டார்கள். முனீர் ஒரு நாள் பைக்கில் வந்து பார்த்தார். அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர்கள் கன்னடத்தில் திட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சித்திரை பிறந்த சமயம், பின் தெருவில் இருக்கிற ஐந்து மாடிக் குடியிருப்பின் செக்ரட்டரி ராஜ்குமார், தீர்த்தகிரி அண்ணனுக்குப் போன் செய்தார். எல்லோரும் பகலில் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், ஜன்னல் கண்ணாடியெல்லாம் இவ்வளவு அழுக்கா என்று ஆளாளுக்குப் புகார் சொல்கிறார்கள், வந்து துடைத்துக் கொடுக்க முடியுமா, போலீஸ் கேட்டால் சுத்தம் செய்கிற ஆள் என்று கடிதம் தருகிறேன் என்றார். வருஷக்கணக்காகக் குடியிருக்கிறவர்களுக்கு ஜன்னல் அழுக்கு இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. அத்தனை பேரும் விடிந்தால் கம்பெனிக்கு ஓடி, இருட்டினால் வந்து படுக்கிற ஜனங்கள். ஜன்னலை அவர்கள் எப்போது பார்த்தார்கள்?

அண்ணன் நேரே கடைக்கு வந்து வட்டத்துக்குள் நின்றார்.

“அக்கா, கண்ணாடி தொடைக்கறது அத்தியாவசியமா?”

“உசுரோட இருக்கறது அத்தியாவசியம். பேசாம வூட்டுல இருங்க.”

“நம்ம மாவட்டத்துல இன்னும் ஒருத்தருக்கும் கொரோனா வரலன்னு சொல்றாங்களே.”

“சொல்றவன் வந்து உங்களுக்குக் கஞ்சி ஊத்துவானா? கையில காசு இல்லன்னா சொல்லுங்க, சாமான் எடுத்துட்டுப் போங்க, அப்பறம் குடுக்கலாம்.”

“காசு இருக்குதுக்கா. ரேஷன்ல அரிசியும் பருப்பும் குடுத்தாங்க. அதில்ல.”

எது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் இதே பேச்சு. போகலாம் என்பார், வேண்டாம் என்பார். ராத்திரி தூக்கம் வரவில்லை என்பார். மூன்றாம் தடவையாகக் கேட்க வந்தபோது முகத்தை மழித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வேலைக்குப் போகிற பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். முடிவு எடுத்துவிட்டார் என்று தெரிந்தது.

“போறன்க்கா. ஆனா பாய் போன்ல சொல்றான், யாராவது ஒருத்தர் கூட வந்து முடிச்சுல கை வெக்கணும்னு. கை வெக்காம எறங்கினா இனிமே எம் மூஞ்சிலயே முழிக்க மாட்டானாம்.”

“அதுக்கு?”

“நீங்க வருவீங்களா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கயிறு கட்டுவது பற்றி எனக்கு என்ன தெரியும்? அரிசி மூட்டை வாய் கட்டத் தெரியும். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கத்தினேன். அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஊரே பயந்துகொண்டிருந்தது. கோவிந்தனுக்கு முழங்கால் வலி, மாடி ஏற மாட்டார். திறந்திருந்தது என் கடை ஒன்றுதான்.

மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, அவருக்குப் பின்னால் எட்டடி தள்ளி நடந்தேன். கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போனார். நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அந்த ஊரடங்கில் நான் பார்த்த ஒரே சந்தோஷமான முதுகு அதுதான்.

மொட்டை மாடியில் கால் வைக்க முடியாத வெயில். அண்ணன் தொட்டித் தூணில் கயிற்றைச் சுற்றி முடிச்சைப் போட்டார். போட்டதை அவிழ்த்து மறுபடி போட்டார். பிறகு போனைத் தொட்டி மேல் சாய்த்து வைத்து முனீரை வீடியோவில் கூப்பிட்டார். தாடியோடு ஒரு முகம் தெரிந்தது. அதற்குமுன் முனீரை நான் பார்த்ததில்லை.

“அக்கா, சலாம். கஷ்டம் குடுக்கறோம்” என்றார் முனீர்.

“நீங்களே பாத்துச் சொல்லுங்க பாய். அதான் போன்ல தெரியுதில்ல?”

“கண்ணுக்குத் தெரியறது முடிச்சு இல்லக்கா. கையில தெரியணும். ரெண்டு கையாலயும் புடிங்க. தூண்ல கால முட்டுக் குடுத்து, பின்னாடி சாஞ்சு இழுங்க. எங்கயாச்சும் நெகிழுதா பாருங்க.”

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. முதலில் தெலுங்கில், “எவரு பைன?” என்று கேட்டு, பதில் வராததால் தமிழுக்கு மாறி, “மேல யாருப்பா?” என்றது. கைப்பிடிச் சுவரின் மேலாக எட்டிப் பார்த்தோம். நான்காவது மாடி ஜன்னலைத் திறந்து, கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு வயதான அம்மாள். அவரை எனக்குத் தெரியும், பெயர் சரோஜம்மாள். தனியாக இருக்கிறவர். மகன் பெங்களூரில். முன்பெல்லாம் சனிக்கிழமை தவறாமல் மகன் வருவான், எல்லை மூடியதிலிருந்து வரவில்லை.

“ஜன்னல் தொடைக்க வந்திருக்கறம்மா” என்றார் அண்ணன்.

“ஜன்னலா! என் ஜன்னலுக்கும் வருவியா?”

“எல்லா ஜன்னலுக்கும் வருவன்.”

“வா, வா. இந்தக் கண்ணாடில ரோடே தெரிய மாட்டேங்குது. உன் பேர் என்ன? எந்த ஊரு?”

அண்ணன் சுவரில் கவிழ்ந்து பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். சாமல்பட்டி என்றார். மகளைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மாள் தன் தங்கையை ஊத்தங்கரையில் கொடுத்திருந்ததைச் சொன்னார். வெயிலில் என் தலை பிளந்தது. போனுக்குள் முனீர் “கிரி, கிரி” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு அது காதிலேயே விழவில்லை.

திரும்பி வந்தபோது முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக இருந்தார். “பாத்தீங்களாக்கா? இத்தன வருசமா தொடைக்கறன். நாங்க போற நேரத்துக்கு எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க. வூட்டுக்குள்ள சோஃபா இருக்கும், காலண்டர் இருக்கும், கொடியில துணி இருக்கும். மனுசன் இருக்க மாட்டான். இப்பதான் ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாடியும் ஆளு இருக்கறாங்க. அஞ்சு மாடியிலயும் இருக்கறாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நானு. நோயும் ஒட்டாது. ஒருத்தரு கைய ஆட்டினாப் போதும்க்கா எனக்கு.”

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பலகையைக் கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தார். வாங்கி வாங்கி அடுக்கிய அத்தனை தீப்பெட்டியும் அந்த ஒற்றை அறையில் எங்கே இருக்கின்றன என்று நினைத்துப் பார்த்தேன்.

“அக்கா, இழுத்துப் பாருங்க” என்றார் முனீர்.

தூணில் காலை முட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, பின்னால் சாய்ந்து, என் பாரம் முழுவதையும் கொடுத்தேன். நான் ஒன்றும் இளைத்த உடம்பு இல்லை. முடிச்சு இம்மிகூட அசையவில்லை. மறுபடி இழுத்தேன். அப்போதும் அசையவில்லை.

“நெகிழுதாக்கா?”

“இல்ல.”

“அப்ப நீங்க சொல்லணும். நா சொல்ல முடியாது. கை உங்களுது.”

அண்ணன் கைப்பிடிச் சுவரில் ஒரு காலை அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பலகை தயார், வாளி தயார். என் வாயையே பார்த்தார். அவருக்குப் பின்னால் வெறும் ஆகாயம், கீழே ஆளில்லாத ரோடு. ஏதாவது ஆனால் ஓடி வந்து தூக்குவதற்கு ஒரு ஆள் இல்லை. ஆம்புலன்ஸ் எல்லாம் வேறு வேலையில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே நிற்பது ஒரு மளிகைக்கடைக்காரி, முனீர் இருப்பது போனுக்குள். இந்த மனிதர் காசுக்காக இறங்கியிருந்தால்கூட ‘இறங்குங்க’ என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. ஒரு கை அசைவுக்காக இறங்குகிறார். அப்படி இறங்குகிறவருக்குக் கயிறு ஞாபகம் இருக்குமா? சற்று முன்புகூட முனீர் கூப்பிட்டது இவர் காதில் விழவில்லையே.

“வேண்டாண்ணா” என்றேன்.

அவர் முகம் அப்படியே நின்றது. வாய் லேசாகத் திறந்தது. ஏன் என்று கேட்கப் போகிறார், கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. சுவருக்கு வெளியே போட்ட காலை உள்ளே எடுத்து வைத்தார். பலகையைக் கழற்றினார். தூணருகே வந்து, நான் இழுத்தும் அசையாத முடிச்சை, நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். போனில் முனீரும் ஒன்றும் கேட்கவில்லை. “சரிக்கா” என்று மட்டும் சொன்னார்.

கீழேயிருந்து சரோஜம்மாள் கூப்பிட்டார். “என்னப்பா, வரலியா?”

அண்ணன் எட்டிப் பார்த்தார். “இன்னிக்கு இல்லம்மா.”

“நாளைக்கு வருவியா?”

“பாய் வந்ததும் வரம்மா.”

அந்த அம்மாளுக்குப் பாய் யார் என்று தெரியாது. “சரி, வா, இங்கதான் இருப்பேன்” என்றார். ஜன்னலை உடனே சாத்தவில்லை.

படியிறங்கி வரும்போது தரைத்தளத்துக் கண்ணாடியையும் படிக்கட்டுக் கண்ணாடியையும் மட்டும் துடைத்துவிட்டுப் போகிறேன் என்றார். நான் வீட்டுக்கு வந்து, கோவிந்தனோடு காரணமே இல்லாமல் சண்டை போட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணன் வருவாரா என்று எனக்குள் ஒரே கவலை. வந்தார். வட்டத்துக்குள் நின்றார். ஒரு தீப்பெட்டி கேட்டார். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை. எனக்குத்தான் மனசு கேட்காமல் அன்றிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வாசலில், வட்டத்துக்குள்ளேயே போட்டேன். ஆள் இல்லாத நேரத்தில் உட்காருவார். நான் அரிசி புடைப்பேன், பொட்டலம் கட்டுவேன், அவர் பேசுவார். பல நாள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கேட்டுக்கொள்வேன். தினமும் போலீஸ் வருவதற்குள் எழுந்து போய்விடுவார். போகிறபோது பின் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார் என்று பிறகு தெரிந்தது. நான்காவது மாடி ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டுவாராம். அந்தக் கண்ணாடி அழுக்கில் உள்ளே இருக்கிற ஆள் அதைப் பார்த்தாரா இல்லையா என்று இவருக்குத் தெரியாது.

ஆனி போயிற்று, ஆடி போயிற்று. கம்பெனிகளில் ஷிப்ட் ஆரம்பித்தார்கள். சங்கு ஊதத் தொடங்கியது. என் கடையில் வட்டங்கள் மழையில் அழிந்தன, நானும் மறுபடி போடவில்லை. எங்கள் மாவட்டத்துக்கும் நோய் வந்தது. தெருவில் சில பேர் படுத்து எழுந்தார்கள், ஒரு வீட்டில் எழவில்லை. அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆவணியில் எல்லையைத் திறந்துவிட்டார்கள்.

திறந்த மறுநாளே முனீர் பைக்கில் வந்து இறங்கினார். கடை வாசலில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். கட்டிப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையை முன்னால் நீட்டினார்கள், பிறகு எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க இரண்டு பேரையும் திட்டினேன். அப்படியே பின் தெருவுக்குப் போனார்கள்.

அன்றைக்கு முடிச்சைப் போட்டவர் அண்ணன். கை வைத்துப் பார்த்து ‘இறங்கு’ என்றவர் முனீர். கடையில் உட்கார்ந்திருந்த எனக்கு எப்போது எது நடந்திருக்கும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சித்திரையில் ‘வேண்டாம்’ என்றது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் அன்று முழுக்க எனக்குப் பொட்டலம் ஒன்றுகூட ஒழுங்காகக் கட்ட வரவில்லை.

சாயங்காலம் முனீர் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு அண்ணன் கடைக்கு வந்தார். சட்டை நனைந்திருந்தது. ஸ்டூல் இருந்தும் உட்காரவில்லை.

“எல்லாம் முடிஞ்சுதாண்ணா?”

“முடிஞ்சுதுக்கா.”

“யாராச்சும் கைய ஆட்டினாங்களா?”

“யாரும் இல்லக்கா. எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. அஞ்சு மாடியிலயும் ஒருத்தரு இல்ல.”

“சரோஜம்மா?”

அவர் அடுக்கியிருந்த சோப்புகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எல்ல தொறந்த அன்னிக்கே மகன் காரெடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிட்டானாம். வூடு காலி. ஜன்னலோரமா ஒரு சேரு மட்டும் ரோட்டப் பாத்துப் போட்டபடி இருக்குது.”

“அந்த ஜன்னல விட்டுட்டீங்களா?”

“தொடைச்சன். ரெண்டு தடவ தொடைச்சன்.”

அவர் சாய்ந்திருந்த ஒரு சோப்பை நேராக்கி வைத்தார். பிறகு, “ஒரு தீப்பெட்டி குடுங்கக்கா” என்றார்.

அவர் அறையில் எத்தனை பெட்டி பிரிக்காமல் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன். பிறகு ஸ்டூலை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டு, “உக்காருங்கண்ணா, இப்பல்லாம் கடைய ராத்திரி வரைக்கும் தொறந்து வெக்கலாம்” என்றேன்.